பேராலயத்துக்குள் துப்பாக்கிச் சண்டை: ‘ரெசிஸ்டன்ஸ்: ஃபால் ஆஃப் மேன்’ மதிப்புரை

‘ரெசிஸ்டன்ஸ்: ஃபால் ஆஃப் மேன்’ பழைய வீடியோ விளையாட்டு. 2006 நவம்பரில் அமெரிக்காவில் சோனியின் பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக் கருவி கடைக்கு வந்தபோது அதனுடனே வந்தது. 2007 மார்ச்சில் ஐரோப்பாவில் வெளியானது. உருவாக்கியது இன்சோம்னியாக் கேம்ஸ், வெளியிட்டது சோனி. இத்தனை ஆண்டுகள் கழித்து இதற்கு மதிப்புரை எழுதக் காரணம் உண்டு. குமரி மாவட்டத்தில் எங்கள் கடலோரப் பங்கில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். மேல்வகுப்புப் பிள்ளைகளுக்குக் கைபேசியில் சுட்டு விளையாடுவதுதான் பேச்சும் மூச்சும். அவர்களில் ஒருவன், “சார், கோயிலுக்குள் நடக்கிற சண்டை விளையாட்டை விளையாடினால் பாவமா?” என்று கேட்டான். ஆம் என்றோ இல்லை என்றோ வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட எனக்கு மனமில்லை. திருச்சபை மிகக் கடுமையாக எதிர்த்த விளையாட்டு எதுவோ அதை முழுதாக விளையாடிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். தோஹாவில் வேலை செய்யும் தம்பி விட்டுப்போன பிளேஸ்டேஷன் 3 வீட்டில் இருந்தது. டிஸ்க், நாகர்கோவிலில் பழைய விளையாட்டுகள் விற்கும் ஒரு கடையில் கிடைத்தது.

விளையாட்டாக மட்டும் பார்த்தால் இது நன்றாகவே செய்யப்பட்டிருக்கிறது. கதை 1951-இல் பிரிட்டனில் நடக்கிறது. ஆனால் அது நாம் அறிந்த 1951 இல்லை. இந்தக் கதையின் உலகில் இரண்டாம் உலகப் போரே நடக்கவில்லை. ரஷ்யாவிலிருந்து பரவும் ‘கைமேரா’ என்ற கூட்டம், மனிதர்களைப் பிடித்துத் தன்னைப்போலவே மாற்றிக்கொண்டு ஐரோப்பாவை விழுங்கிவிட்டு ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பிரிட்டனுக்கு வருகிறது. நேதன் ஹேல் என்ற அமெரிக்கச் சிப்பாயாக நாம் யார்க் நகரில் இறங்குகிறோம். ரேச்சல் பார்க்கர் என்ற பிரிட்டிஷ் பெண் அதிகாரி, நடந்து முடிந்ததை நினைவுகூர்வதுபோல அடங்கிய குரலில் கதையைச் சொல்லிக்கொண்டே வருகிறார். அந்தக் குரல் எனக்கு மிகவும் பிடித்தது. வெற்றி முழக்கம் எதுவும் அதில் கிடையாது.

ஆயுதங்களில் நல்ல கற்பனை இருக்கிறது. ‘புல்ஸ்ஐ’ துப்பாக்கியால் எதிரிமீது ஒரு குறியை ஒட்டிவிட்டால், பிறகு எந்தப் பக்கம் சுட்டாலும் குண்டு வளைந்து அந்தக் குறியைத் தேடிப் போகும். ‘ஆகர்’ சுவரைத் துளைத்துக்கொண்டு போகும். எதிரி கையிலும் அதுவே இருப்பதால் சுவருக்குப் பின்னால் ஒளிந்தாலும் நிம்மதி இல்லை. ‘ஹெட்ஜ்ஹாக்’ எறிகுண்டு நாலாபுறமும் முட்களைத் தெறிக்கவிடும். ஒரே திரையை இரண்டாகப் பிரித்து இருவர் சேர்ந்து கதையை விளையாடலாம். நானும் கல்லூரியில் படிக்கும் அக்காள் மகனும் அப்படித்தான் விளையாடினோம். சில இடங்களில் உயிர்போனால் வெகுதூரம் பின்னால் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. அது சலிப்புத் தட்டியது. நிறமெல்லாம் சாம்பலும் பழுப்புமாகவே இருக்கிறது. போர் நடக்கும் ஊருக்கு அது பொருந்துகிறது என்றாலும் கண் களைத்துப்போகிறது.

இனி, எதிர்ப்புக்குக் காரணமான இடம்: இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரம்.

இடிந்த தெருக்களில் சண்டையிட்டுக்கொண்டே வந்து ஒரு பெரிய ஆலயத்துக்குள் நுழைகிறோம். பெயர்ப்பலகை தேவையில்லை; மான்செஸ்டர்க்காரர் எவரும் பார்த்தவுடன் தங்கள் பேராலயம் என்று சொல்லிவிடுவார்கள். கூரையைத் தாங்கும் தூண்கள், கூர் வளைவுகள், உயர்ந்த ஜன்னல்கள் என்று அச்சு அசலாக எழுப்பியிருக்கிறார்கள். அங்கேதான் கைமேராக்கள் மொத்தமாகப் பாய்கின்றன. நான் ஒரு தூணின் பின்னால் ஒதுங்கிக் குண்டு நிரப்பிக்கொண்டிருந்தேன். அக்காள் மகன், சிறுவயதில் பீடப் பணியாளனாக இருந்தவன், எதிரியைத் துரத்திக்கொண்டு நேரே முன்னால் ஓடினான். பாதி வழியில் அவனுடைய திரை அசையாமல் நின்றது. “மாமா, இதற்கு மேலே துப்பாக்கியோடு போக எனக்கு என்னவோபோல் இருக்கிறது. நீங்கள் முதலில் போங்கள்” என்றான். நான் போகவில்லை. அங்கே நின்றபடியே இருவரும் இறந்தோம். அடுத்த முறை போனோம், முடித்தோம். அந்தத் தயக்கத்தை விளையாட்டு எந்த இடத்திலும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. தொழிற்சாலையும் பேராலயமும் அதற்கு ஒன்றுதான்: ஒளிய மறைவிடம் உண்டா, சுட வழி உண்டா, அவ்வளவே.

2007 ஜூனில் இங்கிலாந்துத் திருச்சபை எதிர்த்து எழுந்தது. அப்போதைய மான்செஸ்டர் ஆயர் நைஜல் மெக்கல்லக்கும், தென்னாப்பிரிக்காவில் பிறந்த இந்திய வம்சாவளியினரான பேராலய அதிபர் ரோஜர்ஸ் கோவெந்தரும் முன்னால் நின்றார்கள். மன்னிப்புக் கேட்க வேண்டும், விளையாட்டைத் திரும்பப் பெற வேண்டும் அல்லது அந்தப் பகுதியை மாற்ற வேண்டும், துப்பாக்கி வன்முறைக்கு எதிராக இளைஞரிடையே நடக்கும் பணிக்கு நிதி தர வேண்டும் என்று கேட்டார்கள். பேச்சு நாடாளுமன்றம் வரை போய், பிரதமர் டோனி பிளேர் பதில் சொல்ல நேர்ந்தது. தேவையான அனுமதிகளையெல்லாம் பெற்றுவிட்டதாகவே நம்புகிறோம் என்றது சோனி. எங்களை யாரும் கேட்கவே இல்லை என்றது பேராலயம். ஜூலையில் உள்ளூர் நாளிதழான ‘மான்செஸ்டர் ஈவினிங் நியூஸ்’ மூலம் சோனி பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. விளையாட்டைத் திரும்பப் பெறவில்லை. அதனால்தான் இன்று என் கையில் இருக்கும் டிஸ்க்கிலும் அந்த ஆலயம் அப்படியே இருக்கிறது.

‘கற்பனைக் கட்டடம்தானே, நிஜமாக ஒரு செங்கல்கூட உடையவில்லையே’ என்று அன்று பலர் கேட்டார்கள். இன்றும் கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு இரண்டு செய்திகள் சொல்ல வேண்டும். மான்செஸ்டர் அன்று துப்பாக்கியால் பிள்ளைகளைப் பறிகொடுத்துக்கொண்டிருந்த நகரம். அப்படிச் செத்தவர்களின் குடும்பங்கள் அழுது ஜெபிக்க வந்த இடம் இதே பேராலயம். இன்னொன்று, இந்தக் கட்டடம் நிஜமான போரைக் கண்டது. 1940 டிசம்பரில் ஜெர்மானியக் குண்டு விழுந்து அதன் வடகிழக்குப் பகுதி சிதைந்தது; சீரமைக்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. 1996-இல் ஐஆர்ஏ என்ற ஐரிஷ் ஆயுதக் குழு வைத்த குண்டில் மறுபடியும் சேதமடைந்தது. விளையாட்டின் கதை நடக்கும் 1951-இல் நிஜமான பேராலயம் பாதி காயத்தோடு நின்றது. இரண்டாம் உலகப் போரே வராத ஒரு உலகைக் கற்பனை செய்தவர்கள், அந்தப் போரில் அடிபட்ட ஆலயத்தைத் தேடிப் பிடித்து அதற்குள் இன்னொரு போரை வைத்திருக்கிறார்கள். தெரிந்து செய்திருக்க மாட்டார்கள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். பாடகர் இருக்கைகளுக்கு அடியில், 500 ஆண்டுப் பழமையான மரச்செதுக்கல்களில், இரண்டு பேர் பலகையில் காய் நகர்த்தி விளையாடும் காட்சியும் இருக்கிறது. விளையாட்டை வெறுத்த ஆலயம் இல்லை அது. வாசலில் போய் நின்றிருந்தால் அதையும் காட்டியிருப்பார்கள்.

ஆலயத்துக்குள் வன்முறையைக் காட்டவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் எங்கள் கோட்டாறு சவேரியார் பேராலயத்துக்குள்ளேயே நான் நிற்க முடியாது. அங்கே பீடத்தின் முன்னால் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் மறைசாட்சி தேவசகாயம், 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர். 2022 மே 15 அன்று ரோமில் அவரைப் புனிதராக அறிவித்தபோது இந்த மாவட்டமே ஆனந்தக் கண்ணீர் விட்டது. விலங்கு மாட்டிய கைகளோடு அவர் நிற்கும் சுரூபத்தைப் பார்த்துத்தான் எங்கள் பிள்ளைகள் வளர்கிறார்கள். அம்பு தைத்த செபஸ்தியார் இல்லாத கடற்கரை ஊரைப் பார்ப்பது அரிது. சிலுவையே ஒரு கொலைக் கருவிதான். எங்கள் ஆலயங்கள் வன்முறையை மறைத்ததே இல்லை. ஆனால் குண்டை வாங்கிக்கொண்டவனின் பக்கத்திலிருந்தே அதை நினைவில் வைத்திருக்கின்றன. இந்த விளையாட்டு துப்பாக்கிக் குழலின் பின்னாலிருந்து மட்டும் ஆலயத்தைப் பார்க்க வைக்கிறது. என் மன வருத்தம் முழுக்க அந்தப் பார்வையில்தான் இருக்கிறது.

2019 அந்த வருத்தத்தை இன்னும் கூர்மையாக்கிவிட்டது. மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் இரண்டு பள்ளிவாசல்களில் ஜும்ஆ தொழுகைக்கு வந்த 51 பேரைக் கொன்றவன், தலையில் கேமராவை மாட்டிக்கொண்டு, துப்பாக்கி முனை தெரியும்படி அதை நேரலையில் காட்டினான். அடுத்த மாதம் 21-ஆம் தேதி, உயிர்ப்பு ஞாயிறன்று, கொழும்பு கொச்சிக்கடை அந்தோணியார் திருத்தலத்திலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பு சீயோன் சபையிலும் குண்டு வெடித்தது. அன்று மாலை எங்கள் ஆலயத்தில் எழுந்த அழுகுரலை நான் மறக்கவில்லை. விளையாடியதால்தான் யாரோ கொலைகாரன் ஆனான் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லும் உரிமை எனக்கில்லை, அது உண்மையென்றும் நான் நம்பவில்லை. ஆனால் வழிபாட்டில் இருப்பவர்களை அந்தக் கோணத்திலிருந்து பார்க்கும் காட்சியை இனி யாரும் ‘வெறும் பின்னணி’ என்று சொல்ல முடியாது.

எதிர்ப்புக்கு நிறுவனங்கள் செவிசாய்க்கவே மாட்டா என்று நினைக்க வேண்டாம். 2012-இல் ‘கால் ஆஃப் டூட்டி’ என்ற சுடும் விளையாட்டின் ஒரு களத்தில், இறைவன் பெயர் கொண்ட அரபு வாசகம் கழிவறையில் மாட்டப்பட்டிருந்தது. முஸ்லிம் ஆட்டக்காரர்கள் சொன்னதும் அந்தக் களத்தையே நீக்கித் திருத்தினார்கள். 2020-இல் பப்ஜி மொபைலில், சிலைகளின் முன் வணங்கினால் ஆட்டத்தில் பலம் கிடைப்பதுபோல் வைத்திருந்ததை, அரபு நாட்டு ஆட்டக்காரர்கள் வருந்தியதும் எடுத்துவிட்டு மன்னிப்பும் கேட்டார்கள். 2021-இல் மீண்டும் கால் ஆஃப் டூட்டியில் குர்ஆன் தாள்கள் தரையில் கிடந்தன, அதையும் அகற்றினார்கள். என் வகுப்புப் பிள்ளைகளிடம் இவற்றைச் சொன்னபோது, “அது அவர்கள் பிரச்சினை சார்” என்று ஒருவன் சொன்னான். எனக்குக் கோபம் வந்தது. இந்த மாவட்டத்தில் அப்படிச் சொல்லலாமா? தக்கலை பீர் முகம்மது அப்பா தர்காவும் சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலும் கோட்டாறு சவேரியாரும் ஒரே பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருக்கின்றன. 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் மூண்ட இந்து-கிறிஸ்தவக் கலவரத்தின்போது நான் கைக்குழந்தை. துப்பாக்கிச் சூடு, எரிந்த வீடுகள், இரவோடிரவாக ஊரைவிட்டு ஓடியது எல்லாவற்றையும் அம்மா சொல்லித்தான் தெரியும். வழிபாட்டுத் தலத்தைச் சுற்றி ரத்தம் சிந்தினால் எத்தனை தலைமுறைக்கு அது வடியாது என்பதைக் குமரிக்காரருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தன் கோயிலுக்கு மட்டும் வலிக்கும் என்றால் அந்த எதிர்ப்பில் எனக்கு மதிப்பில்லை. சுசீந்திரத்தின் இசைத் தூண்களைச் சுட்டு நொறுக்கும் களம் ஒன்று வந்தால் அதை எதிர்க்கும் மனுவிலும் நான் கையெழுத்துப் போடுவேன்.

மான்செஸ்டர் பேராலயம் அத்தோடு நிற்காமல், விளையாட்டு செய்பவர்களுக்கென்று சில நெறிகளையும் எழுதி வெளியிட்டது. புனித இடங்களை ஜெபத்துக்கும் அமைதிக்கும் உரியவையாக மதியுங்கள்; உட்புறத்தை யார் வேண்டுமானாலும் படியெடுக்கலாம் என்று எண்ணாதீர்கள்; பொறுப்பில் இருப்பவர்களிடம் அனுமதி கேளுங்கள்; துப்பாக்கி வன்முறையை எதிர்ப்பவர்களுக்குத் துணை நில்லுங்கள் என்பவை அதன் சாரம். விளையாட்டைத் தடை செய் என்ற முழக்கத்தைவிட இது எனக்கு ஏற்புடையது. பாவமா என்று கேட்ட பையனுக்கும் இதைத்தான் வாசித்துக் காட்டினேன்.

வாங்க நினைப்பவர்களுக்கு: டிஸ்க்கை பிளேஸ்டேஷன் 4, 5 இரண்டும் ஏற்காது, பிளேஸ்டேஷன் 3 வேண்டும். இணையவழிப் போட்டிகள் 2014-இல் நிறுத்தப்பட்டுவிட்டன. அமெரிக்கத் தரமதிப்பீட்டில் இது 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கானது. அதை மீறிச் சிறுவர் கையில் கொடுக்காதீர்கள். கூடத்தில் பெரியவர் ஒருவர் உடன் அமர்ந்து விளையாடினால் நல்லது. ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருகிறேன். பேராலயத்தைக் கேட்டுவிட்டுச் செய்திருந்தால் நான்கு தந்திருப்பேன்.

நம் மாவட்டத்துப் பொறியியல் கல்லூரிகளில் விளையாட்டு உருவாக்கக் கற்கும் தம்பி தங்கைகள் இதைப் படிக்கக்கூடும். உங்கள் கதையில் கோட்டாறு பேராலயமோ உங்கள் ஊர்க் குருசடியோ வர வேண்டுமென்றால் தாராளமாக வரட்டும். முதலில் பங்குத்தந்தையையும் ஊர்ப் பெரியவர்களையும் பாருங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் நானும் கூட வருகிறேன்.