95 டிகிரி: ரைசனில் இயல்பு, இன்டெலில் ஆராய வேண்டிய எண்

சிபியூவை முழுவேகத்தில் உழைக்கவைத்துச் சோதிக்கும் சினிபெஞ்ச் மென்பொருள் ஓடும்போது சிபியூ 95 டிகிரி செல்சியஸ் காட்டினால் பயப்பட வேண்டுமா? எந்தச் சிப் என்று தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும்.

ஏஎம்டியின் ரைசன் 9 7950எக்ஸின் வெப்ப வரம்பு, அதாவது சிப் தானே எட்டவிடும் உச்சச் சூடு, 95 டிகிரி. கணக்கிடும் பகுதிகளான கோர்கள் உள்ள சிப்லெட் (சிறு சிலிக்கான் துண்டு) ஒவ்வொன்றும் ஏறத்தாழ 70 சதுர மில்லிமீட்டர்தான். அவ்வளவு சிறிய பரப்பிலிருந்து வெப்பத்தை வேகமாக இழுக்க எந்தக் கூலருக்கும் சிரமம். அதனால் 95-ஐத் தொட்டு, அங்கேயே நின்றபடி முடிந்த வேகத்தில் ஓடும்படிதான் ஏஎம்டி இதை வடிவமைத்திருக்கிறது. பெரிய கூலர் மாட்டினாலும் முழு லோடில் எண் பெரிதாக இறங்காது, கிளாக் (சிப் ஓடும் வேகம்) தான் சற்று ஏறும். எண் உறுத்தினால் கூலருக்குச் செலவழிக்காதீர்கள். பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) மின்செலவைக் கட்டுப்படுத்தும் ஈகோ மோடை 105 வாட்டுக்கு வையுங்கள். எல்லாக் கோர்களும் உழைக்கும் வேலையில் கொஞ்சம் வேகம் போகும், சூடு நன்றாகவே குறையும்.

இன்டெலின் கோர் ஐ9-14900கே-யின் வரம்பு 100. இங்கே 95-க்கு மேல் போனால் முதலில் மதர்போர்டைச் சந்தேகியுங்கள். பல போர்டுகள் மின்வரம்பை எடுத்துவிட்ட நிலையில் வந்தன. பயாஸில் பிஎல்1 (நீடித்த மின்வரம்பு), பிஎல்2 (குறுகிய நேர மின்வரம்பு) இரண்டையும் 253 வாட்டில் கட்டுங்கள். அதன் பிறகும் லோடு கொடுத்த சில நொடிகளில் 100 வந்தால் பெரும்பாலும் கூலரில்தான் கோளாறு: அடியிலுள்ள பிளாஸ்டிக் தாள் எடுக்கப்படவில்லை, பேஸ்ட் போதவில்லை, திருகு ஒரு பக்கம் தளர்வு, அல்லது வாட்டர் கூலரின் பம்ப் ஓடவில்லை. பத்து நிமிடத்தில் மெதுவாக ஏறினால் கேஸில் காற்றோட்டம் போதாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் இன்டெல் சிப்கள் பழுதானதற்குக் குறைந்த வெப்பம் காப்பாக இருக்கவில்லை. அதிக வோல்டேஜ்தான் முக்கியக் காரணம். 2024 ஆகஸ்டிலிருந்து வந்த மைக்ரோகோட் (சிப்பின் உள் இயக்கத்தைத் திருத்தும் நிரல்) உள்ள பயாஸ் இல்லாமல் இவற்றை ஓட்டக் கூடாது, 60 டிகிரியே காட்டினாலும்.

ரைசனில் கூடுதல் கேஷ் (சிப்புக்குள்ளேயே உள்ள வேக நினைவகம்) அடுக்கிய எக்ஸ்3டி வகை தனி. 7800எக்ஸ்3டி-யில் அந்தக் கேஷ் அடுக்கு கோர் சிப்லெட்டின் மேலே அமர்ந்து வெப்பத்தைத் தடுப்பதால் வரம்பு 89. 9800எக்ஸ்3டி-யில் கேஷ் கீழே போய்விட்டது, வரம்பும் 95 ஆனது. கேம் ஆடுவதற்கும் சிறிய கேஸுக்கும் 7800எக்ஸ்3டி-யே என் தேர்வு. விளையாட்டில் 100 வாட்டுக்குள் அடங்கிவிடும், நடுத்தர ஏர் கூலரே போதும்.

எதை வாங்கினாலும் சிப்பின் அளவீடுகளைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் டிகிரியோடு கிளாக்கையும் பாருங்கள். வரம்பைத் தொட்டபடி, அறிவிக்கப்பட்ட அடிப்படை வேகத்துக்கும் கீழே கிளாக் விழுந்தால் கூலிங்கில் கோளாறு இருக்கிறது.