இரண்டாம் முறை புதுச்சேரிக்கு வருபவர்கள் செல்ல வேண்டியது கடலூரா, செஞ்சியா, பாகூரா?

முதன்முறை புதுச்சேரிக்கு வருபவர்கள் கடற்கரைச் சாலை, மணக்குள விநாயகர் கோயில், அரவிந்தர் ஆசிரமம், பிரெஞ்சுத் தெருக்கள், ஆரோவில் ஆகியவற்றைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் மறுமுறை வரும்போதும் அதே தெருக்களில் அதே மஞ்சள் சுவர்களின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வதைக் காட்டிலும், தலைநகரை விட்டு வெளியே ஒரு பகலைச் செலவிடுவதே நல்லது. வெளியூர் உறவினர்கள் கேட்கும்போது நான் மூன்று திசைகளைச் சொல்வதுண்டு. போய்வர ஆகும் நேரமும், முன்பு பார்த்த புதுச்சேரியை அந்த ஊர் எவ்வளவு தெளிவாக்குகிறது என்பதுமே என் அளவுகோல்கள்.

அரை நாள் மட்டுமே உள்ளவர்களுக்கு அரிக்கமேடும் பாகூரும் போதும். அரிக்கமேட்டில் ஆற்றங்கரைத் தோப்பும் 18ஆம் நூற்றாண்டுச் செங்கல் கட்டடம் ஒன்றின் இடிந்த சுவர்களுமே கண்ணுக்குத் தெரியும். 1945இல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் தோண்டியெடுத்த ரோமானிய மட்கலங்களைக் கொண்டே தென்னிந்தியத் தொல்லியலுக்கு உறுதியான காலக்கணக்கு ஒன்று கிடைத்தது என்பதை அறியாமல் போகிறவர் ஏமாற்றத்துடன்தான் திரும்புவார். ஆகவே பாரதி பூங்காவை ஒட்டிய அருங்காட்சியகத்தில் அங்கு கிடைத்த பொருள்களை முதலில் பார்த்துவிட்டுச் செல்ல வேண்டும். பாகூரில் சோழர் காலத்து மூலநாதர் கோயில் இருக்கிறது. நிருபதுங்கவர்ம பல்லவன் காலத்தில் இவ்வூரில் இயங்கிய கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு கூறுகிறது. அமைதியான, வயல் சூழ்ந்த ஊர். எனினும் ஒரு முழு நாளுக்கு இது போதாது.

மேற்கே சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் செஞ்சி, தோற்றத்தால் எல்லோரையும் வென்றுவிடும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளையும் ஒரே மதிலால் வளைத்துக் கட்டிய கோட்டை இது. மராட்டியர் காலக் கோட்டைகளின் தொகுப்பில் ஒன்றாக 2025இல் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது. 1750இல் புஸ்ஸி தலைமையிலான பிரெஞ்சுப் படை இதைக் கைப்பற்றியது, 1761 வரை வைத்திருந்தது. கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டவை. முதல் பயணத்தில் அவற்றின் அருகே நின்றவர்கள், அந்தச் சிற்ப வேலையின் பிறப்பிடத்தை இங்குள்ள வெங்கட்ரமணர் கோயில் மண்டபங்களில் காணலாம். இங்கே தடை வெயில் ஒன்றுதான். சுமார் 800 அடி உயர ராஜகிரியில் காலை எட்டு மணிக்குள் ஏறத் தொடங்காதவர்கள் பாதி வழியிலேயே தளர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். சொந்த வண்டி இருப்பவர்கள் திருவக்கரையையும் சேர்த்துக்கொள்ளலாம்: கல்லாகிப் போன மரங்கள் அங்கே கிடக்கின்றன, குனிந்து பார்த்தால் பட்டையின் வரியும் கிளை முறிந்த கணுவும் அப்படியே தெரியும், கை வைத்தால் குளிர்ந்த கல். அவற்றின் வயது சுமார் 2 கோடி ஆண்டுகள்.

இவ்வளவு இருந்தும் நான் முதலிடம் தருவது, பலரும் பேருந்து மாறும் இடமாக மட்டுமே எண்ணும் கடலூருக்குத்தான். ஒரு மணி நேரத்திற்குள் போய்விடலாம். அடிக்கடி பேருந்து உண்டு. புதுச்சேரியின் கதையில் எதிர்த்தரப்பு இங்கேதான் இருந்தது. 1690இல் ஆங்கிலேயர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் எல்லை வரை உள்ள நிலம் அவர்களுக்கு என்பது ஒப்பந்தம். குண்டு சாலை என்ற பெயர் இன்றும் நகரில் வழங்குகிறது. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானபின் ஆங்கிலேயருக்கு இந்தக் கோட்டையே தென்னிந்தியத் தலைமையிடமாயிற்று. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி இதைப் பிடித்து இடித்தார். 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துத் தரைமட்டமாக்கினர். நாம் பார்த்து வியக்கும் பிரெஞ்சுத் தெருக்கள் அந்த அழிவுக்குப் பின் மீண்டும் கட்டப்பட்டவை என்பதை, கெடில ஆற்றின் முகத்துவாரத்தருகே எஞ்சியிருக்கும் சில சுவர்களின் முன் நிற்கும்போதுதான் மனம் முழுமையாக ஏற்கிறது. பார்க்கக் கிடைப்பது குறைவுதான், செஞ்சியோடு ஒப்பிட முடியாது; ஆனால் புதுச்சேரி ஏன் இப்படி இருக்கிறது என்ற கேள்விக்கு விடை இந்த இடத்தில் இருக்கிறது.

பாரதியின் வாழ்விலும் இவ்விரு ஊர்களுக்கும் அத்தகைய தொடர்பு உண்டு. பத்தாண்டுகள் புதுச்சேரியில் வாழ்ந்த அவர் 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டியதும் கைது செய்யப்பட்டு, கடலூர்ச் சிறையில்தான் அடைக்கப்பட்டார்.

கடலூரின் மற்றொரு சிறப்பு அப்பர். சமணத்திலிருந்து திரும்பிச் சூலை நோய் தீர்ந்து 'கூற்றாயினவாறு' பாடியது கெடிலக் கரையின் திருவதிகையில். கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்டவர் கரையேறி 'ஈன்றாளுமாய்' பாடியது திருப்பாதிரிப்புலியூரில். கரையேறவிட்ட குப்பம் என்ற ஊர்ப்பெயரும் அதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஒரே ஆற்றைத் தொடர்ந்து போனால் ஒரு பக்தரின் வாழ்வையே ஒரு பகலில் கண்டுவிடலாம் என்பது வேறெந்தத் திசையிலும் கிடைக்காத பேறு. கோயில்கள் நண்பகலில் நடை சாத்தப்படுவதால், காலையில் திருப்பாதிரிப்புலியூர்ப் பாடலீசுவரரைத் தரிசித்து, உச்சி வேளையில் கோட்டைச் சுவர்களையும் வெள்ளிக் கடற்கரையையும் பார்த்து, மாலை நடை திறக்கும் நேரத்தில் திருவதிகை சேர்வதே சரியான வரிசை. அருகிலுள்ள திருவந்திபுரம் பெருமாள் கோயிலை முகூர்த்த நாளில் மட்டும் தவிர்க்க வேண்டும். அன்று கல்யாணக் கூட்டத்தில் வண்டி நகராது. கோடையில் சென்றால் பண்ருட்டிச் சாலையோரம் பலாப்பழம் மலையாகக் குவிந்திருக்கும். விற்பவர் பழத்தை விரலால் தட்டிச் சத்தம் கேட்டே பழுத்ததைப் பிரித்தெடுப்பார். 2011 டிசம்பரில் தானே புயல் இப்பகுதியின் பலா, முந்திரித் தோப்புகளைச் சாய்த்ததை நினைத்தால், இந்தக் குவியலைக் காண்பதே நிறைவு.

பிச்சாவரம் சதுப்புக்காட்டைப் பலரும் கேட்பார்கள். அதைச் சிதம்பரத்தில் தங்கிக் காலையில் பார்ப்பதே முறை; புதுச்சேரியிலிருந்து போய்வரும் ஒரு நாளுக்குள் திணித்தால் படகுக்குக் காத்திருப்பதிலேயே பொழுது போய்விடும். ஏறி இறங்க முடியாத பெரியவர்கள் உடன் வந்தால் கடலூரையும் திருவதிகையையும் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம். இளைஞர்கள் மட்டும் என்றால், மார்கழி, தை மாதங்களில் செஞ்சியை முன்னுக்குக் கொண்டுவருவதில் எனக்கு மறுப்பில்லை.