‘இந்த மாடல் அப்படித்தான் சார்’ என்றால் நம்பிவிடாதீர்கள்: புது ஆட்டோமேட்டிக் காரின் கியர் உதறல்

வாங்கி ஆறு மாதம்கூட ஆகாத வண்டி. சிக்னலில் நகரும்போது உதறுகிறது, ஒன்றிலிருந்து இரண்டாம் கியருக்குப் போகும்போது இடிக்கிறது. சர்வீஸ் சென்டரில் கிடைக்கும் பதில், “இந்த மாடல் அப்படித்தான் சார், ஓட்ட ஓட்டச் சரியாயிடும்.” சரியாவதில்லை. வாரண்டிதான் கரைகிறது. டிரை கிளட்ச் டிசிடி (டூயல் கிளட்ச் டிரான்ஸ்மிஷன்) கியர்பாக்ஸ் வண்டி வைத்திருப்பவர்கள் கவனமாக இருங்கள்.

இந்த கியர்பாக்ஸில் இரண்டு கிளட்ச். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒன்று, இரட்டைப்படைக்கு இன்னொன்று. ஆயிலில் ஊறாத வகை என்பதால் சூட்டைக் காற்றுதான் தணிக்க வேண்டும். ஊர்ந்து போகும் டிராஃபிக்கில் கிளட்ச் பாதி பிடித்தபடி நழுவிக்கொண்டே இருக்கும், கொதித்துவிடும். லேசான தயக்கம் இதில் இயல்புதான். ஆனால் 10–20 கி.மீ. வேகத்தில் சீட் வரை அதிர்வது, ஏற்றத்தில் ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) ஏறியும் வண்டி ஏறாதது, ரிவர்ஸ் போட்டு இரண்டு மூன்று நொடி கழித்து இழுப்பது எல்லாம் இயல்பு இல்லை. கிளட்ச் கருகியிருக்கலாம், கியர்பாக்ஸை இயக்கும் கம்ப்யூட்டரான கன்ட்ரோல் மாட்யூல் பழுதாகியிருக்கலாம், இன்புட் ஷாஃப்ட் சீல் கசிந்து கிளட்ச் தட்டில் ஆயில் பட்டிருக்கலாம். சீல் கசிவை விட்டுவிட்டுக் கிளட்சை மட்டும் மாற்றினால் உதறல் திரும்ப வரும்.

சர்வீஸ் சென்டருக்குப் போகும் முன் பேட்டரியைப் பாருங்கள். வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும், 12.2-க்குக் கீழே என்றால் பலவீனம். வோல்டேஜ் குறைந்தாலும் கியர்பாக்ஸ் எச்சரிக்கை விளக்கு வரும், அதை முதலிலேயே விலக்கிவிடலாம்.

ஏமாற்று நடப்பது பெரும்பாலும் டெஸ்ட் டிரைவில். காலையில் ஆறிய இன்ஜினோடு, காலி ரோட்டில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு “எல்லாம் ஓகே” என்பார்கள். சூடேறினால்தான் வரும் கோளாறு அங்கே எப்படித் தெரியும்? டெக்னீஷியனைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஏசி போட்டு, நெரிசலில் அரை மணி நேரம் ஓட்டிக் காட்டுங்கள். டேஷ்போர்டு தெரிய யாராவது வீடியோ எடுக்கட்டும்.

அடுத்தது ரீலேர்ன். கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்பதைக் கம்ப்யூட்டருக்குப் புதிதாகக் கற்றுத்தரும் வேலை. சில நூறு கிலோமீட்டர் வெண்ணெய் மாதிரி ஓடும், பிறகு பழைய கதை. தவறான வேலை இல்லை, ஆனால் அதையே மூன்று முறை செய்தால் நாள் கடத்துகிறார்கள் என்று அர்த்தம். ஸ்கேனர் போட்டதும், பதிவான கோளாறுக் குறியீடுகளை அழிக்கும் முன்பே ரிப்போர்ட் பிரிண்ட் கேளுங்கள். அழித்த பிறகு கையில் ஒன்றும் இருக்காது.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஜாப் கார்டு, அதாவது உங்கள் புகாரை எழுதிக் கையெழுத்து வாங்கும் சர்வீஸ் பதிவு. நீங்கள் பத்து நிமிடம் விளக்கியிருப்பீர்கள், அட்வைசர் டைப் செய்திருப்பது “ஜெனரல் செக்கப்”. அதில் கையெழுத்துப் போட்டால் அந்தப் புகார் பதிவிலேயே இல்லை. “30 நிமிட டிராஃபிக்குக்குப் பின் 1–2 கியரில் 15 கி.மீ. வேகத்தில் கடும் உதறல், ஏற்றத்தில் பின்னோக்கி உருள்கிறது” என்று கிலோமீட்டர் ரீடிங்கோடு எழுதவைத்த பிறகே கையெழுத்து. எழுத மறுத்தால் அங்கேயே நின்று அதே வரிகளைச் சர்வீஸ் மேனேஜருக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். வண்டியை எடுக்கும்போது என்ன மாற்றினார்கள் என்பது பார்ட் நம்பரோடு பில்லில் இருக்க வேண்டும், வாரண்டியில் இலவசமாகச் செய்திருந்தாலும்.

“கிளட்ச் தேய்மானப் பொருள், வாரண்டி கிடையாது, நீங்க ஓட்டுற விதம்தான் காரணம்” என்பது கடைசி ஆயுதம். ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் ஆக்சிலரேட்டரிலேயே வண்டியை நிறுத்திவைத்தால் கிளட்ச் கருகும், அந்தத் தவறை நாம் செய்யக்கூடாது. ஆனால் சீல் கசிவும் மாட்யூல் பழுதும் ஓட்டுநர் தவறே இல்லை. ஆஸ்திரேலியாவில் ஃபோர்டு நிறுவனம் பவர்ஷிஃப்ட் என்ற தன் டிசிடி கியர்பாக்ஸின் உதறலுக்கு ஓட்டுநர்களையே குறை சொன்னது. புகார்களைக் கையாண்ட விதத்துக்காக 2018-ல் அங்குள்ள ஃபெடரல் கோர்ட் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. காரணம் கேளுங்கள், கழற்றிய கிளட்ச் தட்டைக் கண்ணால் பாருங்கள், ஆயில் பட்டிருந்தால் போட்டோ எடுங்கள்.

ஒரே கோளாறுக்கு மூன்று ஜாப் கார்டு சேர்ந்தும் தீரவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் வரை அங்கேயே வழக்குப் போடலாம், நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். 10 முதல் 20 லட்சம் வரையிலான வண்டிக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். கோளாறை உறுதிசெய்ய ஆய்வக சோதனை தேவைப்பட்டால் ஆணையமே அனுப்பும், மனுவிலேயே கேட்டுவிடுங்கள். கெடு இரண்டு ஆண்டு. “அடுத்த அப்டேட்டில் சரியாயிடும் சார்” என்று அவர்கள் சொல்லும் ஒவ்வொரு மாதமும் அந்தக் கெடுவிலிருந்துதான் போகிறது.