தனியார் காட்டில் பல்லுயிர் காக்க எது உதவும்: தடையா, பணமா, சான்றிதழா, அறிவுரையா?

பட்டுப்போய் நிற்கும் ஒரு மரத்திடமிருந்து தொடங்குகிறேன். பட்டை உரிந்திருக்கிறது. அடியில் மாவாக உதிர்ந்து கிடப்பது வண்டுப் புழுக்கள் குடைந்த தூள். நடுவில் பூஞ்சை, மேலே மரங்கொத்தி குடைந்த பொந்து. பின்லாந்துக் காட்டுயிர் இனங்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இப்படிப்பட்ட மரங்களை நம்பித்தான் வாழ்கின்றன. காட்டின் உடைமையாளருக்கோ அது விறகு, அல்லது பூச்சி பரவிவிடுமோ என்ற கவலை. அவர் அதை விட்டுவைக்க என்ன செய்யலாம் என்பதே கேள்வி.

முதல் வழி தடைச்சட்டம். அமெரிக்காவின் தென்கிழக்கில் உயிருள்ள முதிய பைன் மரத்தில் மட்டுமே பொந்து குடையும் ஒரு மரங்கொத்தி உண்டு. பொந்தைச் சுற்றி அது கொத்தும் சிறு துளைகளிலிருந்து பிசின் வழிந்து, ஏறிவரும் பாம்பைத் தடுக்கும். அருகிவரும் உயிரினங்களுக்கான 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், அந்தப் பறவை குடியேறிய நிலத்தில் மரம் வெட்டக் கட்டுப்பாடு வந்தது. பறவை வந்தால் காடு கைவிட்டுப் போகும் என்று அஞ்சிய சிலர், பைன் முதிர்வதற்குள்ளேயே வெட்டி விற்றார்கள். காக்க வந்த சட்டமே பறவையின் வீட்டைப் பறித்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது, ஏனென்றால் அந்த உடைமையாளர்கள் பறவையை வெறுத்தவர்கள் அல்லர், பயந்தவர்கள்.

அந்தப் பயத்துக்கு மருந்தாக 1995இல் வட கரோலினாவில் ஓர் ஒப்பந்தமுறை தொடங்கியது. வாழிடத்தை மேம்படுத்தியதால் பறவைகள் கூடினால், கூடியவற்றுக்காகப் புதிய கட்டுப்பாடு வராது என்று அரசு எழுத்தில் உறுதி தந்தது. செலவு அதிகமில்லாத இந்த ஒரு வாக்குறுதியை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

இரண்டாவது வழி பணம். 1990களில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நாச்சுரா 2000 என்ற இயற்கைக் காப்புப் பகுதிப் பட்டியலில் தங்கள் நிலங்கள் சேர்க்கப்பட்டபோது பின்லாந்து உடைமையாளர்கள் கொதித்தெழுந்தார்கள். பிறகு 2008இல் வந்த மெட்சோ திட்டம் போக்கை மாற்றியது. உடைமையாளரே முன்வந்து காட்டைக் காட்டுகிறார். அதிகாரிகள் அதன் இயற்கை மதிப்பைப் பார்க்கிறார்கள். நிரந்தரமாகக் காப்புக்கு ஒப்படைத்தால், நிற்கும் மரத்தின் மதிப்பை ஒட்டிய இழப்பீடு வரியின்றிக் கிடைக்கிறது. குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் ஒப்பந்தம் செய்யவும் இடமுண்டு. குறையும் அங்கேதான் இருக்கிறது. மரம் பட்டு, விழுந்து, மக்கிப் பல்லுயிர் சேரப் பல பத்தாண்டுகள் ஆகும். பத்தாண்டு ஒப்பந்தம் முடிந்த மறுநாள் ரம்பம் வந்தால் சேர்ந்ததெல்லாம் போயிற்று.

பணத்தையும் சட்டத்தையும் எதிரெதிராக நிறுத்துவதும் சரியல்ல. கோஸ்டாரிகா 1996இல் காட்டை அழித்து வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதைத் தடைசெய்தது. மறு ஆண்டே, எரிபொருள் வரியின் ஒரு பகுதியிலிருந்து உடைமையாளர்களுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. தடையின் கசப்பை அந்தத் தொகை குறைத்தது.

சான்றிதழைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. காட்டைப் பொறுப்போடு பேணி எடுத்த மரம் என்று சான்று தரும், 1993இல் தொடங்கிய எஃப்.எஸ்.சி. போன்ற முறைகள் பெரிய மர நிறுவனங்களுக்குப் பொருந்துகின்றன. சிறிய காட்டுக்காரருக்குத் தணிக்கைச் செலவே பாரம். பலர் கூடிக் குழுவாகச் சான்றிதழ் பெறுவது ஓரளவு கைகொடுக்கும்.

அறிவுரையை நம்பிய நாடு சுவீடன். அங்கே 1993ஆம் ஆண்டுச் சட்டம் மர உற்பத்தியையும் சுற்றுச்சூழலையும் சம இலக்குகளாக வைத்து, பெரும்பகுதியை உடைமையாளரின் பொறுப்புணர்வுக்கே விட்டது. ஓடைக்கரை மரங்களை விட்டுவைப்பது போன்ற செலவு குறைந்த செயல்களுக்கு இது போதும். விளைந்து நிற்கும் பழங்காட்டை வெட்டாமல் விடச்சொல்ல வெறும் அறிவுரை போதாது.

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் நான் பின்லாந்து வழியையே எடுப்பேன், வட கரோலினாவின் உறுதிமொழியையும் அதில் சேர்த்து. ஒரு திருத்தமும் வேண்டும்: கைவைக்காமல் விடுவதற்கு மட்டும் பணம் தரக் கூடாது. மேய்ச்சலிலும் கிளைவெட்டிலும் வெளிச்சம் பெற்று வந்த ஓக் காடுகள் அப்படியே விட்டால் நிழல் மூடி, பூக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் குறைந்துபோகும். அங்கே வெட்டுவதற்குத்தான் கூலி தர வேண்டும்.

எந்த வழியானாலும், வெட்டும் ஆட்கள் வருவதற்கு முன் வன அலுவலர் உடைமையாளரோடு காட்டில் நடந்து, தொடக்கூடாத மரங்களில் வண்ணக் குறி இட வேண்டும். அந்தக் குறி இல்லையென்றால், இயந்திரம் ஓட்டுபவரின் கண்ணுக்கு அந்தப் பட்ட மரம் வழியை மறிக்கும் உளுத்த கட்டைதான்.