நாய்க்கு என்சைம் பொடியைப் பிரித்து விற்கிறார்கள், சேலத்துக்காரர்கள் உஷார்

எங்கள் ஜெர்மன் ஷெப்பர்டுக்குக் கணையக் கோளாறு. இ.பி.ஐ. என்பார்கள். செரிமான நொதி, அதாவது என்சைம், சுரக்காது. வைத்ததையெல்லாம் தின்றும் விலா எலும்பு துருத்தும். வெளிறிப்போய், எண்ணெய்ப் பிசுக்கோடு அள்ள அள்ளக் கழியும். ஆயுசுக்கும் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டிலும் கணைய நொதிப் பொடி கலக்க வேண்டும். கலந்தால் நன்றாகவே இருப்பான்.

வழக்கமான பொடி தீரும் நேரத்தில் எங்கும் ஸ்டாக் இல்லை. சேலத்தில் ஒரு செல்லப்பிராணிக் கடையில், "அதே பொடிதான் சார், பெரிய டின்னில் வருது, பிரிச்சுத் தர்றோம்" என்று 1,800 ரூபாய்க்கு ஒரு வெள்ளை டப்பாவைக் கொடுத்தார்கள். மேலே பேனாவால் 'என்சைம்' என்று எழுதியிருந்தது. பேட்ச் நம்பர் இல்லை, காலாவதித் தேதி இல்லை, லைபேஸ் என்கிற நொதி எத்தனை யூனிட் என்றும் இல்லை.

சில நாளிலேயே பழையபடி கழிச்சல். கேட்டால், "வயித்துல பூச்சியா இருக்கும்" என்று பூச்சி மருந்தும் லிவர் டானிக்கும் தலையில் கட்டினார்கள். பிள்ளை கண்ணெதிரே உருகிக்கொண்டிருக்கிறான், அதிலும் வியாபாரம்! இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அப்புறம் டாக்டர் ஒரு வழி சொன்னார். வெதுவெதுப்பான கெட்டி அரிசிக் கஞ்சியை இரண்டு கிண்ணத்தில் எடுத்து, ஒன்றில் பழைய பொடியின் மிச்சத்தையும் மற்றதில் கடைப் பொடியையும் கலந்தோம். பழைய பொடி போட்டது கொஞ்ச நேரத்தில் தண்ணீராக ஓடியது. பொடியில் இருக்கும் அமைலேஸ் என்கிற நொதி மாவுச்சத்தை உடைத்துவிடும். கடைப் பொடி போட்டதில் கரண்டி நட்டது நட்டபடி நின்றது. கஞ்சி இளகினால் மட்டும் மருந்து தரமானது என்று ஆகாது. கொழுப்பைச் செரிக்கும் லைபேஸ் இருக்கிறதா என்று இதில் தெரியாது. ஆனால் இளகவே இல்லையென்றால் அந்தப் பொடியை நம்பாதீர்கள். கஞ்சி கொதிக்கக் கொதிக்க இருந்தால் நல்ல பொடியும் செத்துவிடும், அதையும் கவனியுங்கள்.

சீல் பிரிக்காத டப்பாவாக, பில்லோடு வாங்குங்கள். நாய் நிறையத் தின்றும் மெலிந்துகொண்டே போனால், சும்மா பூச்சி மருந்தே கொடுத்துக்கொண்டிருக்காமல் இந்தக் கணையக் கோளாறைக் கண்டுபிடிக்கும் டி.எல்.ஐ. ரத்தப் பரிசோதனை கேளுங்கள். வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். பி12 அளவையும் சேர்த்துப் பாருங்கள், இந்த நோயில் அது பெரும்பாலும் குறைந்துவிடும்.

பிரித்த டப்பாவைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று கடையில் கையை விரித்துவிட்டார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். பேனாவால் எழுதிய வெள்ளை டப்பா உங்கள் வீட்டிலும் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், பில்லோடு எடுத்து வைத்து நீங்களும் புகார் கொடுங்கள்.