பிள்ளைகள் ஹாஸ்டலுக்குப் போனபின் சைக்கிள்: ரெண்டு வருஷ அனுபவம்

முதலில் பணக்கணக்கு. பெட்ரோல் செலவு மாதம் 2,000 ரூபாயிலிருந்து 200க்கு இறங்கிவிட்டது என்று சொன்னால் கேட்பவர்கள் வாயைப் பிளக்கிறார்கள், எல்லாம் சைக்கிள் மகிமை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதில் பாதிக்கு மேல் மிச்சமானது பிள்ளைகள் வீட்டை விட்டுப் போனதால்தான்.

மதுரை பழங்காநத்தத்தில் வீடு, சிம்மக்கல் பக்கம் வேலை, போக வர பத்து கிலோமீட்டர். காலையில் மகளை ஸ்கூலில் விட்டு, திரும்பி வந்து மகனை வேறொரு திசையில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் டியூஷன், அதுவும் முடிந்து ராத்திரி எட்டு மணிக்கு "அம்மா, நாளைக்கு சார்ட் கொண்டுபோகணும்" என்று ஒரு ஓட்டம், எல்லாம் சேர்த்து ஸ்கூட்டர் தினமும் 30 கிலோமீட்டர் ஓடியது. டவுன் நெரிசலில் லிட்டருக்கு 40 கிடைத்தாலே பெரிய விஷயம், பெட்ரோலோ 100 ரூபாய்க்கு மேல். மகள் கோயம்புத்தூர், அடுத்த வருஷமே மகன் திருச்சி என்று கிளம்பியதும் ஓட்டம் 13 கிலோமீட்டராகச் சுருங்கி, நான் சைக்கிளைத் தொடுவதற்கு முன்பே செலவு 850க்கு வந்துவிட்டது. சைக்கிள் எடுத்த பிறகு குறைந்தது 650. அதுதான் அதன் சொந்தச் சம்பாத்தியம். மகனின் மெஸ் பில்லுக்கு அது எந்த மூலைக்கு என்று கேட்காதீர்கள்.

சைக்கிளும் புதுசு இல்லை. மகளுக்கு ப்ளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்த லேடீஸ் சைக்கிள், அவள் போன பிறகு மாடிப்படிக்கு அடியில் பழைய பேப்பரைச் சுமந்துகொண்டு கிடந்தது. எடைக்குப் போடலாமா என்று சைக்கிள் கடை அண்ணனிடம் கேட்டேன். டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார், முன்சக்கரத்தைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார், "எடைக்குப் போட்டா என்னத்தா கிடைக்கும், ஓவராயில் பண்ணுங்க, ஓடும்" என்றார். ரெண்டு டயர், ரெண்டு டியூப், செயின், பிரேக் கட்டை, சீட்டு, ரெண்டு சக்கரத்துக்கும் கோட்டம் எடுத்தது, கிரீஸ், கூலி எல்லாம் சேர்த்து 2,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே போனது. ஆக முதல் மூணு மாத மிச்சம் அதற்கே சரியாகிவிட்டது. கடையில் தொங்குகிற கியர் சைக்கிளைப் பார்த்து மயங்க வேண்டாம், மேடு பள்ளம் அதிகமில்லாத மதுரைக்கு இந்தச் சாதா வண்டியே தாராளம்.

பராமரிப்பில் ஒன்றே ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ராத்திரி அடித்த காற்று காலையில் இல்லை என்றால் உடனே பஞ்சர் என்று ஓடாதீர்கள். காற்றடிக்கும் இடத்தில் இருக்கும் திருகைக் கழற்றினால் உள்ளே ஒரு சின்ன இரும்புக் குச்சி வரும், அதன்மேல் நூடுல்ஸ் தடிமனில் ஒரு ரப்பர் உறை, அதுதான் வால்டியூப். வெயிலில் அது பிசுபிசுத்துப் போகும், இல்லையென்றால் விரலில் உதிரும். சில்லறைக் காசுக்கு விற்கிற சாமான், எச்சில் தொட்டு மாட்டினால் வழுக்கிக்கொண்டு ஏறும். நான் எப்போதும் பர்ஸில் ஒரு துண்டு வைத்திருக்கிறேன்.

முட்டிவலி உள்ளவர்களுக்கு: நம் பெண்கள் ரெண்டு காலும் தரையில் முழுசாகப் பதிகிற மாதிரி சீட்டை இறக்கி வைத்துக்கொள்வார்கள், அப்படி மிதித்தால் முட்டி போய்விடும். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நீட்டிக்கொள்ள வேண்டும், அந்த உயரம் சரி. நிற்கும்போது நுனிக்காலில் ஊன்றிப் பழக வேண்டும், ரெண்டு வாரம் பயமாக இருக்கும், அவ்வளவுதான். சேலைக்கும் பிரச்சினை இல்லை, செயினுக்கு முழு மூடி, பின்சக்கரத்துக்கு வலை, ரெண்டும் இருந்தால் போதும்.

ரெண்டு வருஷமாக மாறாமல் வருகிற கேள்வி ஒன்று உண்டு. "என்னக்கா, வண்டி ரிப்பேரா?" வயசுப் பிள்ளை ஓட்டினால் உடற்பயிற்சி, அம்பது வயசை நெருங்கும் பொம்பளை ஓட்டினால் கஷ்டம் என்று ஊர் முடிவு கட்டிவிடுகிறது. நானும் விளக்கம் சொல்வதை விட்டாச்சு, "ஆமாப்பா" என்று போய்விடுகிறேன்.

இன்னொரு கேள்வி நியாயமானது: பெண்களுக்கு டவுன் பஸ்ஸே 2021லிருந்து இலவசம், அப்புறம் எதுக்கு சைக்கிள்? காசு மட்டும்தான் கணக்கு என்றால் பஸ்தான் ஜெயிக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் ஸ்டாப்புக்கு நடை, காத்திருப்பு, ஒன்பது மணிக் கூட்டத்தில் படியில் ஒற்றைக்கால், பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி மறுபடி இன்னொரு பஸ், முக்கால் மணி நேரம் போய்விடும். சைக்கிளில் அரை மணிக்குள் மேலவெளி வீதியைத் தாண்டிவிடுவேன். மழை நாளில் பஸ்தான். சித்திரைத் திருவிழாவில் தெருத்தெருவாகத் தடுப்பு வைத்து வண்டிகளைத் திருப்பிவிடும்போது மட்டும் சைக்கிளுக்கு ராஜ மரியாதை, இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் யாரும் கேட்பதில்லை.

வெயில்தான் உண்மையான எதிரி. ஏப்ரல், மே மாதங்களில் காலையில் எட்டே காலுக்கே கிளம்பிவிடுகிறேன், ஆபீஸில் மாற்று ரவிக்கை ஒன்று கிடக்கும். அக்னி நட்சத்திரத்தில் உழவர் சந்தைக்குக்கூட ஆறரை மணிக்குள் போய்வந்துவிட வேண்டும். ராத்திரியில் பைபாஸ் ரோடு பக்கம் சைக்கிளில் போகவே மாட்டேன், பின்னால் சிவப்பு விளக்கு போட்டிருந்தாலும்.

பெரும்பாலானவர்கள் கணக்கில் சேர்க்க மறப்பது வீட்டில் நிற்கும் ஸ்கூட்டரை. ஓடாவிட்டாலும் இன்சூரன்ஸ் கட்ட வேண்டும், மூன்றாம் நபருக்கு மட்டும் போட்டாலே வருஷத்துக்கு 700 ரூபாய்க்கு மேல். அடிக்கடி ஸ்டார்ட் செய்யாமல் விட்டால் பேட்டரி படுத்துவிடும், அதை மாற்றினால் ரெண்டு மாத மிச்சம் காலி. அதனால் ஞாயிற்றுக்கிழமை அதை வெளியே எடுத்து அரிசி, எண்ணெய் மாதிரிக் கனமான சாமான் வாங்கிவருகிறேன். முழு மிச்சம் வேண்டுமென்றால் ஸ்கூட்டரை விற்க வேண்டும். வீட்டுக்காரர் அதைத்தான் சொல்கிறார். அத்தையின் கண் ஆபரேஷன் முடிந்து, செக்கப்புக்கு அலைவதும் ஓயட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டிருக்கிறேன், தை மாதம் இன்சூரன்ஸ் முடிகிறது.