கொக்குவிலுக்கும் கோச்சியில் போகலாம்

யாழ்ப்பாணம் போய்வந்தால் லண்டனில் எல்லாரும் கேட்பது, கொழும்பிலிருந்து எப்படிப் போனீங்கள் என்றுதான். சுருக்கமாகச் சொல்கிறேன்: ரயில், எங்கள் பேச்சில் கோச்சி, வசதி. திருவிழாக் காலமென்றால் ஆசனத்தை நேரத்துக்கே பதிந்துவிடுங்கள். நான் எழுத நினைப்பது, யாழ்ப்பாண ஸ்டேசனுக்கு அங்காலே வடக்கே போகிற தண்டவாளத்தைப் பற்றி.

1990 ஜூனில் போரால் கோச்சி நின்றது. பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர் கட்டப் போயின. கூரையில்லாமல் நின்ற ஸ்டேசனை என் வயதுக்காரருக்கு நல்ல ஞாபகம். இந்தியக் கடனுதவியில் பாதை திரும்பவும் போடப்பட்டு, 2014 ஒக்ரோபர் 13இல் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் ரயில் வந்தது.

அம்மாவுக்கு மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலுக்குப் போகவேண்டும். ஓட்டோ பிடிப்பம் என்றேன். "வேண்டாம், கோச்சியிலை போவம்" என்றா. பெட்டியின் படி அவவுக்கு உயரம், முழங்கால் மடியாது. பின்னால் நின்ற பெடியன் ஒருவன் தன் பையை உள்ளே எறிந்துவிட்டு, "அம்மம்மா, கம்பியைப் பிடிச்சுக்கொண்டு மற்றக் காலை வையுங்கோ" என்று முழங்கையில் தாங்கி ஏற்றிவிட்டான். இடம் கேட்காமலே ஒரு பிள்ளை எழும்பினாள். கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை என்று ஒவ்வொரு பேராக அம்மா வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தா. மாவிட்டபுரப் பக்கம் எத்தனையோ வருசம் இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்த மண். அங்கே மேடையில் கால் வைத்தது எனக்குப் பெரிய விசயம்.

அந்த ஊர்ப் பேர்களை ஒருக்கால் திரும்பப் பாருங்கள். கொக்குவிலில் இறங்கினால் தொழில்நுட்பக் கல்லூரி, பக்கத்திலேயே பல்கலைக்கழகம். சுன்னாகத்தில் சந்தை. தெல்லிப்பழையில் புற்றுநோய் ஆஸ்பத்திரி. கடைசியில் காங்கேசன்துறையில், நாகபட்டினத்துக்குக் கப்பல் போகிற துறைமுகம். ஒரு நகரத்துக்கு வேண்டிய அத்தனையும் ஒரே கோட்டில் கிடக்கிறது. ஆனால் அதில் ஓடுவது பெரும்பாலும் கொழும்புக்குப் போய்வருகிற கோச்சிதான். உள்ளூர்ச் சனத்துக்கு அந்த நேரங்கள் சரிவராது.

நான் இருக்கிறது லண்டனில், ரூட்டிங்கில். அங்கே ரூட்டிங் ப்ரோட்வே நிலக்கீழ் ஸ்டேசன் 1926இல் திறந்தது. யாரும் நேரம் பார்த்து வீட்டை விட்டு வெளிக்கிடுவதில்லை. அடுத்த ரயில் எத்தனை நிமிடத்தில் என்று மேடையில் பலகை சொல்லும். சென் ஜோர்ஜ் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகிறவரும் வருத்தம் காட்டப் போகிறவரும் அதில்தான் வந்து இறங்குவார்கள். யாழ்ப்பாணத்துக்கு அப்படிச் சுரங்கம் தேவையில்லை. சுண்ணக்கல்லுக்குள் கிணற்றுத் தண்ணீர் ஊறுகிற நிலத்தை அதற்காகக் குடையவும் கூடாது. வேண்டிய தண்டவாளம் ஏற்கெனவே மேலே கிடக்கிறது.

திரும்பி வரும்போது மனம் நொந்தது. ஒரு சின்ன ஸ்டேசன். பேர் சொல்ல விரும்பவில்லை. ரிக்கற் ஜன்னல் பூட்டு. நேர அட்டவணை எங்கும் இல்லை. அம்மா வெயிலில் நின்றா. தேத்தண்ணிக் கடை அண்ணை, "இனிப் பின்னேரம்தான், பஸ்ஸிலை போங்கோ" என்று சொன்ன பிறகுதான் எங்களுக்கு விசயம் தெரிந்தது. எழுபது கடந்த ஒருவருக்கு ரயில் நேரம் சொல்லத் தேத்தண்ணிக் கடை தேவைப்படக் கூடாது.

உள்ளூருக்கென்று ரயிலைக் கூடுதலாக ஓட்டினால் சிக்கல் இல்லாமலில்லை. இது ஒற்றைப் பாதை. இடைக்கிடை ஒழுங்கைகள் தண்டவாளத்தைக் குறுக்கறுக்கின்றன. காப்பில்லாத கடவைகளில் உயிர்கள் போயிருக்கின்றன. முதலில் படலையும், ஒழுங்கான சம்பளத்தோடு காவலாளும் வேண்டும். அதன்பிறகு இரண்டு பெட்டி ரயில் பஸ் ஒன்றைக் காலையும் பள்ளிக்கூடம் விடுகிற நேரமும் யாழ்ப்பாணத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் விடலாம். நாட்டில் வேறு பாதைகளில் ரயில் பஸ் ஓடியதுதானே.

ஆனால் தமிழில் பெரிய எழுத்தில் ஒரு நேர அட்டவணையும் நிழலில் ஒரு வாங்கும் வைக்க எந்தத் திட்டமும் கடனும் தேவையில்லை. ஊர்ச் சங்கங்களுக்குக் காசு அனுப்புகிறவர்கள் இதையும் கேட்டுப் பாருங்கள். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கும் கோச்சியில்தான் போவேன் என்கிறா அம்மா. நேரம் கேட்டுவரப் பெறாமகனை இப்பவே ஸ்டேசனுக்கு அனுப்பிவிட்டா.